ஒரே வாக்குச்சீட்டு, இரண்டு கணக்கு: எங்கள் விசைத்தறிச் சங்கத் தேர்தலை நடத்திய செயலி பற்றி

பல்லடம் வட்டாரத்தில் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறி உரிமையாளர்களின் சங்கம் எங்களுடையது. அண்மையில் நடந்த நிர்வாகிகள் தேர்தலை நாங்களே நடத்தாமல், இணையவழித் தேர்தல் நடத்தித் தரும் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தோம். வாக்காளர் பட்டியலைச் சரிபார்ப்பது, கைப்பேசியில் வாக்குச்சீட்டை அனுப்புவது, கைப்பேசி இல்லாதவர்களுக்காகச் சங்க அலுவலகத்தில் ஒரு டேப்லெட் வைப்பது, எண்ணிக்கையை முடித்து அறிக்கை தருவது ஆகிய அனைத்தும் சேர்த்து உறுப்பினர் ஒருவருக்கு 35 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று பேசி முடித்தோம். விலையைப் பற்றி எனக்குக் குறையில்லை. பந்தல், மைக், காகிதம், சாப்பாடு என்று நாங்களே நடத்திய பழைய தேர்தல்களுக்கு இதைவிட அதிகம் செலவாகியிருக்கிறது. என் குறை எண்ணும் முறையைப் பற்றியது. அதையும், அந்த நிறுவனம் நன்றாகச் செய்தவற்றையும், இதே முறையை யோசித்துக்கொண்டிருக்கும் மற்றச் சங்கங்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது வரிசை வாக்கு முறை. வேட்பாளர்களில் யார் முதல் விருப்பம், யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று 1, 2, 3 போட வேண்டும். ஒருவருக்கும் பாதிக்கு மேல் முதல் விருப்ப வாக்கு கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்கு வாக்களித்தவர்களின் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி மீண்டும் எண்ணுவார்கள். சென்ற முறை தலைவர் பதவிக்கு மூவர் நின்று, வாக்குகள் ஏறக்குறைய மூன்றாகப் பிரிந்து, பெரும்பாலானோருக்குப் பிடிக்காத ஒருவர் வென்றதும், பிறகு கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் எங்களுக்குக் கூலி தரும் ஜவுளி உற்பத்தியாளர்கள் அதைச் சுட்டிக்காட்டி, 'உங்க சங்கமே உங்க தலைவர் பின்னால இல்லீங்களே' என்று கேட்டதும்தான் இந்த மாற்றத்துக்குக் காரணம். பொதுத்தேர்தலிலும் இத்தகைய முடிவு கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. 2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை தெற்குத் தொகுதியில் வானதி சீனிவாசன் 53,209 வாக்குகளும், கமல்ஹாசன் 51,481 வாக்குகளும், காங்கிரசின் மயூரா ஜெயக்குமார் 42,383 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 1,728. மூன்றாம் இடத்துக்கு வாக்களித்த நாற்பத்திரண்டாயிரம் பேர் மீதமிருந்த இருவரில் யாரை விரும்பினார்கள் என்பதை அந்தத் தேர்தல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்றோ மாறியிருக்காது என்றோ யாரும் சொல்ல முடியாது. கேட்டிருக்க வேண்டுமா என்பதே விவாதம்.

செயலியின் திரை எளிமையாகவே இருந்தது. ஒரு பெயரைத் தொட்டால் அதன் பக்கத்துக் கட்டத்தில் 1 விழுகிறது, அடுத்து தொடும் பெயருக்கு 2. தவறாகத் தொட்டுவிட்டால் மீண்டும் அதையே தொட்டு நீக்கலாம், மற்ற எண்கள் தாமாகவே சரியாகிக்கொள்கின்றன. ஒரே எண்ணை இருவருக்குப் போடுவதோ, 1 இல்லாமல் 2 போடுவதோ இயலாது. காகிதத்தில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2025 செப்டம்பர் 9 அன்று நடந்த குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலும் விருப்ப எண் போடும் தேர்தல்தான். நம்முடைய திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன் 452க்கு 300 என்று அதில் வென்றபோது, பதிவான 767 வாக்குகளில் 15 செல்லாதவையாகிவிட்டன. வாக்களித்தவர்கள் அனைவரும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்பதை நினைத்தால், எங்கள் தறிக்காரர்களைச் செயலி எவ்வளவு காப்பாற்றியது என்பது விளங்கும்.

ஆனால் அதே திரையில் ஒரு பிழையும் இருந்தது. பெயர்கள் தமிழில் தெரிந்தாலும், அவை அடுக்கப்பட்டிருந்தது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இனிஷியலின்படி. எங்கள் ஊரில் ஒருவரின் இனிஷியல் அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்து, ஆகவே அப்பா பெயர் ஆறுமுகமாக இருந்தவருக்கு முதலிடமும் வேலுச்சாமியாக இருந்தவருக்குத் திரையை மேலே தள்ளினால்தான் தெரியும் இடமும் கிடைத்தன. எல்லாக் கட்டங்களுக்கும் எண் போடச் சொல்லும் ஆஸ்திரேலியாவில், மேலிருந்து கீழே கண்ணை மூடிக்கொண்டு எண் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு என்பது பல்லாண்டுகளாக அறிந்த விஷயம். அதனால் அங்கே சீட்டில் யார் மேலே என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள், டாஸ்மேனியா மாநிலத்தில் சீட்டுக்குச் சீட்டு வரிசையையே மாற்றி அச்சிடுகிறார்கள். கைப்பேசித் திரையில் இதைச் செய்ய அச்சுச் செலவுகூட இல்லை. நான் எழுதிக் கேட்டதற்கு, 'அந்த வசதி இருக்கிறது, நீங்கள் கேட்கவில்லை' என்று பதில் வந்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்றால், என்னென்ன கேட்கலாம் என்ற பட்டியலையாவது முதலிலேயே தந்திருக்க வேண்டும்.

தேர்தலுக்கு முந்தைய பொதுக்குழுவில் இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன. முதலாவது, ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கொள்கைக்கு இது முரண் என்பது. 'என்ற ஓட்டு ஒரு தடவைதான் எண்ணறீங்க, தோத்தவனுக்குப் போட்டவன் ஓட்ட மட்டும் ரெண்டாந் தடவை எண்ணறதுங்களா?' என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்டார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. 2018இல் அங்கே இரண்டாவது மக்களவைத் தொகுதியில் முதல் எண்ணிக்கையில் முன்னிலையில் இருந்த புரூஸ் பொலிக்வின், கடைசி எண்ணிக்கையில் ஜாரெட் கோல்டனிடம் தோற்று, இம்முறையே அரசமைப்புக்கு விரோதமானது என்று வழக்குத் தொடுத்தார். கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதைத் தள்ளுபடி செய்தது. ஒவ்வொரு சுற்றிலும், விருப்பம் மீதமிருக்கும் எல்லாச் சீட்டும் ஒருமுறை எண்ணப்படுகிறது. வென்றவருக்குப் போட்டவரின் சீட்டும் இரண்டாம் சுற்றில் எண்ணப்படத்தான் செய்கிறது, அது இடம் மாறவில்லை என்பதுதான் வேறுபாடு. நிறுவனத்திலிருந்து வந்திருந்த இளைஞர் இதை விளக்கிய விதம் தெளிவாக இருந்தது, பெரியவரும் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது எதிர்ப்பு நேரடியாகச் சொல்லப்படவில்லை, தேநீர் வேளையில்தான் காதில் விழுந்தது. 'நம்ம ஆளுக்கு ஒண்ணு போட்டாச்சுங்க, அப்புறம் மத்தவனுக்கு எதுக்குங்க ரெண்டு போடோணும்?' இம்முறையின் உண்மையான பலவீனம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பக்கத்து இலங்கையில் அதிபர் தேர்தலில் மூன்று விருப்பங்கள் வரை எழுதலாம். 2024 செப்டம்பர் 21 தேர்தலில்தான் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. முதல் இரு இடங்களில் இருந்த அநுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசவும் நீங்கலாக மற்றவர்கள் பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 33 லட்சம். அவற்றிலிருந்து விருப்ப வாக்காக அநுரவுக்குச் சென்றவை 1,05,264, சஜித்துக்குச் சென்றவை 1,67,867. மீதமுள்ள முப்பது லட்சம் சீட்டுகள் இவ்விருவரில் எவருக்கும் எண் தராமல் பெட்டியிலேயே நின்றுவிட்டன. சட்டம் வாய்ப்பைத் தந்தது, கட்சிகள் அதைப் பயன்படுத்தக் கற்றுத்தரவில்லை. எங்கள் தேர்தலிலும் வேட்பாளர்கள் வீடு வீடாகப் போய் 'எனக்கு மட்டும் போடுங்க' என்றுதான் கேட்டார்கள். ஆயினும் செயலியில், 1 மட்டும் போட்டுவிட்டு அனுப்ப முயன்றால், 'உங்கள் வேட்பாளர் நீக்கப்பட்டால் உங்கள் வாக்கு அடுத்த சுற்றில் சேராது, தொடரலாமா?' என்று தமிழில் ஒரு வரி வருகிறது. யாரையும் கட்டாயப்படுத்தாமல் விளைவை மட்டும் சொல்லும் அந்த வரி, இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது.

வாக்குப்பதிவு நாளில் சிக்கல் ஓ.டி.பி.யில்தான் வந்தது. சங்கத்தில் பதிவாகியிருக்கும் எண் மகனுடையது, மகன் இருப்பது பெங்களூரில், வாக்காளரோ தறிக்குடோனில் சத்தத்துக்கு நடுவே நிற்கிறார் என்றால் எண் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அலுவலகத்தில் வைத்த ஒரே டேப்லெட்டுக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரிசை நீண்டது. இரண்டாவது டேப்லெட் கேட்டதும் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து தந்தார்கள், அதற்குத் தனிக்கட்டணம் கேட்கவில்லை.

தலைவர் பதவிக்கான எண்ணிக்கை முறைப்படியே நடந்தது. நால்வர் நின்றனர். முதல் சுற்றில் முன்னிலையில் இருந்தவர் கடைசிச் சுற்றில் பத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். கூடத்தில் சலசலப்பு எழுந்தபோது நான் 1969ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலை நினைவூட்டினேன். வி.வி. கிரியும் நீலம் சஞ்சீவ ரெட்டியும் மோதிய அந்தத் தேர்தலில் கிரிக்கு முதல் விருப்ப மதிப்பு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. பாதியை எவரும் தொடவில்லை. மற்றவர்களின் இரண்டாம் விருப்பங்களை எண்ணியபோது பெரும்பகுதி ரெட்டிக்கே போயும், கிரி 4,20,077க்கு 4,05,427 என்று கரையேறினார். இந்நாட்டின் முதல் குடிமகனைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஒரு தறிச் சங்கத்துக்கு அந்நிய இறக்குமதி என்று சொல்லிவிட முடியாது.

எண்ணிக்கை சரி, அறிக்கை சரியில்லை. சுற்று வாரியாக அட்டவணை தந்த நிறுவனம், சிலருக்குக் கொடுத்திருந்த காகிதச் சீட்டில் தவறாகக் குறித்ததால் தள்ளப்பட்ட வாக்குகளையும், ஒழுங்காக வாக்களித்தும் அடுத்த விருப்பம் எழுதாததால் பிந்தைய சுற்றில் நின்றுபோன வாக்குகளையும் ஒரே வரியில் கூட்டி, செல்லாதவை என்று போட்டுவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தொகை பெருகிக்கொண்டே போனதைப் பார்த்தவர்கள், எண்ணும்போதே வாக்கைத் தின்கிறார்கள் என்று சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டிய திருத்த அறிக்கை வந்துசேரும் வரை செயலாளரின் கைப்பேசி ஓயவில்லை. இத்தகைய கவனக்குறைவு பெரிய இடத்திலும் நடக்கிறது. 2021இல் நியூயார்க் மாநகர மேயருக்கான ஜனநாயகக் கட்சி உட்தேர்தலில், தேர்தல் வாரியம் சோதனைக்காகக் கணினியில் ஏற்றிய சுமார் 1,35,000 சீட்டுகளை நீக்க மறந்து அவற்றையும் சேர்த்து எண்ணி வெளியிட்டு, பிறகு திரும்பப் பெற்றது. பிழை வாரியத்தினுடையது, பழி முறையின் மேல் விழுந்தது. ஆகவே எங்களுக்கு முன்னோட்டம் காட்டிய நாளில் போட்ட வாக்குகள் அழிக்கப்பட்டனவா என்று எழுத்து மூலம் உறுதி கேட்டு வாங்கினேன், மற்றவர்களும் அவ்வாறே வாங்குவது நல்லது.

இனிச் செயற்குழுவுக்கு வருகிறேன். இந்த மதிப்புரையை எழுத வைத்ததே அதுதான். செயற்குழுவில் ஒன்பது இடங்கள். எங்கள் உறுப்பினர்கள் பொதுவாக இரண்டு அணி. ஊரின் கிழக்கே நாடா இல்லாமல் ஓடும் நவீனத் தறிக்கு மாறியவர்கள் ஒரு பக்கம், பழைய சாதாத் தறி வைத்திருப்பவர்கள் மறுபக்கம். பத்தில் ஆறு பேர் முதல் அணி, நாலு பேர் இரண்டாம் அணி என்று வைத்துக்கொள்ளலாம். முடிவு வந்தபோது ஒன்பது இடங்களும் முதல் அணிக்கே போயிருந்தன. கள்ளவாக்கு எதுவும் இல்லை, கூட்டலில் பிழையும் இல்லை. நிறுவனம் செய்தது இது: தலைவர் பதவிக்கு எண்ணியது போலவே எண்ணி முதல் இடத்துக்கு ஒருவரை அறிவித்தார்கள். பிறகு அவர் பெயரை மட்டும் நீக்கிவிட்டு, அவருக்கு வாக்களித்தவர்களின் சீட்டுகளை முழு மதிப்போடு அடுத்த விருப்பத்துக்கு அனுப்பி, இரண்டாம் இடத்துக்கு முதலிலிருந்து எண்ணினார்கள். ஒன்பது முறையும் இப்படியே. ஒரு முறை வென்ற அறுபது சதவீதம் ஒன்பது முறையும் வெல்லத்தானே செய்யும்?

ஆஸ்திரேலிய மேலவைக்கு 1919 முதல் 1946 வரை ஏறக்குறைய இவ்விதமாகவே எண்ணினார்கள். 1946 தேர்தலுக்குப் பிறகு அமைந்த அவையில் 36 இடங்களில் 33 தொழிற்கட்சிக்கும் 3 மட்டும் எதிர்த்தரப்புக்கும் போனதைக் கண்டு, 1948இல் சட்டத்தைத் திருத்தி, அடுத்த ஆண்டுத் தேர்தலிலிருந்து விகிதாசார முறைக்கு மாறினார்கள். மாறிய பிறகும் வாக்காளர் சீட்டில் எழுதியது 1, 2, 3 என்றே. தறி அதேதான், பாவு வேறு. விகிதாசார முறையில் வெல்வதற்கு ஒரு குறிப்பிட்ட அளவு வாக்கு போதும். அந்த அளவு வெற்றி பெற்றவரிடமே செலவாகிவிடும், அதற்கு மேல் மிஞ்சியது மட்டுமே அடுத்தவருக்குப் போகும். தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிற எல்லோரும் இந்தக் கணக்கை ஒரு வடிவத்தில் அறிவார்கள்: ஆறு இடங்களுக்கு மாநிலங்களவைத் தேர்தல் வந்தால், ஒருவர் வெல்ல 34 சட்டமன்ற உறுப்பினர்கள் வேண்டும். அது 234ஐ ஆறால் வகுத்து வருவதன்று, ஆறுடன் ஒன்றைக் கூட்டி ஏழால் வகுத்து, 33 சொச்சத்துக்கு அடுத்த முழு எண். இந்தக் கணக்கினால்தான் ஆளுங்கட்சி ஆறையும் அள்ளாமல் எதிர்க்கட்சிக்கும் இடம் கிடைக்கிறது. அதே கணக்கில் எங்கள் ஒன்பது இடங்களுக்குப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாக்கு போதும். சாதாத் தறிக்காரர்களுக்கு மூன்று அல்லது நான்கு இடம் கிடைத்திருக்கும், கூலி பேசப் போகும்போது அவர்களில் ஒருவராவது மேசையில் இருந்திருப்பார்.

நிறுவனம் தந்த ஒப்பந்தத்தில் 'வரிசை வாக்கு முறை' என்று ஒரு வரிதான் இருந்தது. பல இடங்களுக்கு எந்த விதியில் எண்ணுவார்கள் என்பது எங்கும் இல்லை. விகிதாசார எண்ணிக்கையும் அவர்கள் மென்பொருளில் இருக்கிறதாம், அது உயர் திட்டத்தில் மட்டுமாம். இதை நான் மன்னிக்கத் தயாரில்லை. சேலை விற்கிறவர் கஜம் எவ்வளவு என்று சொல்லாமல் விற்க முடியாது.

வரிசை வாக்கு முறையைப் பற்றி மேலை நாடுகளில் நடக்கும் அரசியல் விவாதத்தையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அங்கே கட்சிகள் இம்முறையை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் பெரும்பாலும் சென்ற தேர்தலில் யார் வாக்கு பிரிந்தது என்பதைப் பொறுத்தே அமைகிறது. 1918இல் ஆஸ்திரேலியாவின் ஸ்வான் இடைத்தேர்தலில் தேசியவாதிகளும் விவசாயிகள் கட்சியும் வாக்கைப் பிரித்துக்கொள்ள, மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிய தொழிற்கட்சி வென்றது. உடனே வலதுசாரி அரசே விருப்ப வாக்கைச் சட்டமாக்கியது. நூறாண்டுக்குப் பிறகு அமெரிக்காவில் அதை முன்னின்று எதிர்ப்பவர்கள் வலதுசாரிகள். 2022இல் அலாஸ்காவின் சிறப்புத் தேர்தலில் மேரி பெல்டோலா, சாரா பேலின், நிக் பெகிச் மூவரும் மோதினர். பேலினும் பெகிச்சும் குடியரசுக் கட்சியினர், வென்றவர் ஜனநாயகக் கட்சியின் பெல்டோலா. மூன்றாமிடம் பெற்று முதலிலேயே நீக்கப்பட்ட பெகிச், மற்ற இருவரில் யாருடன் தனித்து மோதியிருந்தாலும் வென்றிருப்பார் என்பது வெளியிடப்பட்ட சீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது தெரிந்தது. இது நியாயமான குறை, எதிர்ப்பாளர்கள் சொல்லும் மற்றப் பல வாதங்களைவிடக் கனமானது. ஆனால் 2024இல் இதே முறையில் அதே பெகிச் பெல்டோலாவைத் தோற்கடித்தார். அதே நாளில், முறையை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. பிரிட்டனில் 2011 மே 5 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சட்டமன்றத் தேர்தலுக்கே இதைக் கொண்டுவரலாமே என்று சங்கத்து இளைஞர்கள் சிலர் உற்சாகமாகப் பேசினார்கள். நம் மின்னணு இயந்திரத்தில் ஒரு பொத்தானைத்தான் அழுத்த முடியும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நம் ஊர் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1996இல் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையைக் கவனிக்க வைப்பதற்காகத் திரளாக மனுச் செய்து, 1,033 வேட்பாளர்கள் நின்றனர். வாக்குச்சீட்டையே புத்தகமாக அச்சிட வேண்டியிருந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் கரூரில் 54 பேர். இத்தனை பேருக்கும் எண் போடச் சொன்னால் வாக்குச்சாவடியில் இரவாகிவிடும். பப்புவா நியூ கினியில் உள்ளது போல மூன்று எண்களோடு நிறுத்துவது ஒரு வழி. ஆனால் மூன்றும் நீக்கப்பட்டவர்களுக்கே போயிருந்தால் அந்தச் சீட்டும் நின்றுவிடும்.

இந்தச் சேவையை வாங்கலாமா என்று கேட்டால், இருவருக்கு மேல் போட்டியிடும் ஒற்றைப் பதவிக்குத் தயங்காமல் வாங்கலாம். குழுத் தேர்தலுக்கு, எந்த விதிப்படி எண்ணுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தந்தால் மட்டும் வாங்கலாம். அதோடு, சங்கத்தின் துணைவிதியில் வரிசை வாக்கு என்று மொட்டையாகத் திருத்தாமல், தலைவருக்கு எப்படி, செயற்குழுவுக்கு எப்படி என்று தனித்தனியாக எழுதிச் சிறப்புத் தீர்மானம் போட்டுப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நாங்கள் அதை அடுத்த பொதுக்குழுவுக்கு வைத்திருக்கிறோம். அலாஸ்காவில் செய்தது போல, பெயர் நீக்கிய சீட்டுப் பதிவு முழுவதையும் கோப்பாகத் தர வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம். முதலில் ரகசியம் காக்க வேண்டும் என்றார்கள், ரகசியத்தைக் கெடுப்பது பெயரே தவிர எண்கள் அல்ல என்று எழுதியதும் ஒப்புக்கொண்டார்கள். கோப்பு இன்னும் வரவில்லை. வரும் வரை பில்லில் மீதமுள்ள நாலில் ஒரு பங்கைப் பொருளாளர் கொடுக்கப்போவதில்லை.